நியூகாசிலில் மேட்ச் பார்க்க என்ன போட்டுக்கொண்டு போவது?

கேள்வி இது: "தம்பி மேற்படிப்புக்கு நியூகாசில் போகிறான். சின்ன வயதிலிருந்தே பிரீமியர் லீக் பைத்தியம். போனதும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் மேட்ச் பார்க்க வேண்டும், அதற்குப் புது ஜெர்சி வாங்க வேண்டும் என்கிறான். விலை 80 பவுண்டுக்கு மேல் போகிறது. அங்கே எல்லோரும் ஜெர்சி போட்டுத்தான் போவார்களா? முதுகில் யார் பெயரைப் போடுவது? எதையாவது போடக்கூடாது என்று இருக்கிறதா?"

வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் இங்கிலாந்தில் ஜெர்சி போடுவதும் போடாததும் ஊரைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது, மைதானத்தில் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தப் பக்கம் வருடக்கணக்கில் இருந்து பார்த்ததையும், இதைப் பற்றித் தேடிப் படித்ததையும் வைத்து விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊர். லண்டனில் தொழில்முறை கிளப்புகள் பத்துக்கு மேல். லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் இரண்டிரண்டு பெரிய கிளப்புகள். அங்கெல்லாம் ஒரே வீட்டுக்குள் இரண்டு நிறம் இருக்கும். நியூகாசிலில் ஒரே கிளப்தான். மைதானமும் நட்டநடு ஊரில், ஒரு மேட்டின் மேல் நிற்கிறது. 52,000 பேர் உட்காரலாம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மேட்ச் நாளில் கடைத்தெருவில் காய்கறிப் பையோடு போகிற பாட்டியும், தள்ளுவண்டியில் தூங்குகிற குழந்தையும், பப் வாசலில் நிற்கிற கூட்டமும் கறுப்பு வெள்ளைக் கோடுதான். யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை என்பதால் அந்த ஊரில் ஜெர்சி சாதாரண நாளிலும் போடுகிற உடுப்பாகிவிட்டது. இங்கிலாந்தில் ஜெர்சி அதிகம் கண்ணில் படுகிற ஊர்களில் நியூகாசிலும் ஒன்று. அந்த வகையில் தம்பி சரியான இடத்துக்குத்தான் போகிறான்.

ரசிகர்கள் ஜெர்சி போடுவது ஆதியிலிருந்தே இருக்கிற வழக்கம் என்று நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. நியூகாசில் 1951, 1952, 1955 என்று மூன்று முறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற காலத்துப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். கோட்டு, டை, தட்டைத் தொப்பி. சிலர் கழுத்தில் வீட்டில் பின்னிய ஸ்கார்ஃப், சிலர் கோட்டில் ரிப்பனால் செய்த பூ, கையில் கடகடவென்று சத்தம் போடுகிற மரக் கிலுக்கி. ஜெர்சி என்பது ஆடுகிறவனுடைய வேலை உடுப்பு. அதைப் பெரியவர்கள் மாட்டிக்கொண்டு வந்து நிற்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றாத விஷயம்.

அதை மாற்றியது அட்மிரல். லெஸ்டர் பக்கத்தில் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த கம்பெனியின் பிராண்டு அது. எழுபதுகளின் தொடக்கத்தில், டான் ரெவி மேனேஜராக இருந்தபோது லீட்ஸ் யுனைடெட்டோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1974-இல் இங்கிலாந்து அணியே அவர்கள் தைத்த ஜெர்சியை அணிந்தது. அதுவரை ஒரு கிளப்பின் ஜெர்சி என்றால் வெறும் சிவப்பு, வெறும் நீலம். எந்தக் கடையிலும் அதேபோல் ஒன்று கிடைக்கும். அட்மிரல் தோளில் பட்டை, கழுத்தில் கோடு, மார்பில் சின்னம் என்று தனி வடிவம் கொடுத்தது. அந்த வடிவம் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். கிளப்புக்குப் பணம் கொடுத்து உரிமை வாங்கி, அதே ஜெர்சியைச் சின்னப் பையன்களுக்கு விற்றார்கள். வாங்கிக் கொடுத்த அப்பா கோட்டு போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்குப் போனார். ஜெர்சியில் விளம்பரம் வந்ததும் அதே காலம்தான். 1976 ஜனவரியில் கெட்டரிங் டவுன் என்ற சின்ன கிளப் 'கெட்டரிங் டயர்ஸ்' என்று எழுதிக்கொண்டு இறங்கியது. கால்பந்து சங்கம் எடுக்கச் சொன்னதும் 'கெட்டரிங் டி' என்று சுருக்கி, அந்த டி டவுனைக் குறிக்கிறது என்றார்கள்! 1979-இல் லிவர்பூலின் மார்பில் ஹிட்டாச்சி வந்த பிறகு மற்ற கிளப்புகளும் ஒன்றன் பின் ஒன்றாக அந்த வழிக்கு வந்தன.

ஆனால் கிளப்பை விடாமல் பின்தொடர்ந்த இளைஞர்கள் அந்த நேரத்தில்தான் நிறத்தையே கைவிட்டார்கள். இதைத் தம்பி நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் மைதானத்தில் இதன் தடம் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் லிவர்பூல் ஐரோப்பாவெங்கும் போய் ஆடியது. கூடவே போன பையன்கள் அங்கத்திய கடைகளிலிருந்து அடிடாஸ் ஷூ, லாகோஸ்ட், ஃபிலா, செர்ஜியோ தக்கினி என்று இங்கிலாந்தில் கிடைக்காத உடுப்புகளோடு திரும்பினார்கள். ஸ்கார்ஃபும் பேட்ஜும் இல்லாவிட்டால் போலீஸுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாது, எதிர்க் கூட்டமும் எளிதில் கண்டுபிடிக்காது. கேஷுவல்ஸ் என்று பெயர் வாங்கிய இந்தப் பாணி ஊர் ஊராகப் பரவியது. அதில் அடிதடிக் கூட்டங்களும் இருந்தன. நல்ல உடுப்புக்காக மட்டும் சேர்ந்தவர்களும் நிறைய. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது வயது. வெளியூர் மேட்ச்களில் ரசிகர் பகுதியைக் கவனித்தால் தெரியும்: அடர்நிற ஜாக்கெட், அடிடாஸ் ஷூ, சிலர் ஜாக்கெட் கையில் ஸ்டோன் ஐலேண்ட் என்ற உடுப்பு பிராண்டின் பேட்ஜ்; கிளப் நிறம் மருந்துக்குக்கூட இருக்காது. தம்பிக்குப் பக்கத்து இருக்கையில் அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஆர்வமில்லாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பகுதியிலேயே அதிக மேட்ச் பார்த்தவர் அவராக இருக்கலாம்.

பெரியவர்கள் ஜெர்சி போடத் தொடங்கியது தொண்ணூறுகளில். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். அதை விசாரித்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் படிகள் போய் எல்லாம் இருக்கைகளாயின. 1992-இல் பிரீமியர் லீக், டிவிப் பணம். 1993-94 சீசனிலிருந்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நிலையான எண்ணும் முதுகில் பெயரும். இந்தக் கடைசி மாற்றம்தான் கடைக்காரர்களுக்கு அடித்த யோகம். கிளப்பின் நிறத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரு ஆளையே முதுகில் எழுதிக்கொள்ளலாம். 1996 யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து சாம்பல் நிற ஜெர்சியில் ஆடித் தோற்றது நினைவிருக்கலாம். ஜீன்ஸுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றுதான் அந்த நிறம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கடைக்கு வருகிறவனை மனதில் வைத்து ஜெர்சி வடிவமைக்கிற காலம் வந்துவிட்டது.

நியூகாசிலுக்கு இந்த மாற்றம் வந்த நேரம் அருமையானது. 1992-இல் கெவின் கீகன் மேனேஜராக வந்தபோது அணி மூன்றாம் டிவிஷனுக்கு விழுகிற நிலையில் இருந்தது. அடுத்த வருடமே பிரீமியர் லீக். 1995-96-இல் ஒரு கட்டத்தில் 12 புள்ளி முன்னிலை. கடைசியில் பட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டது. அந்த அணி போட்ட ஜெர்சி எதுவும் வெல்லாத ஜெர்சி. ஆனால் ஊரில் இன்றும் அதிகம் கொண்டாடப்படுவது அதுதான். காலர் மடிப்பில்லாத வட்டக் கழுத்து, கீழே பித்தான்கள், அகலமான கறுப்பு வெள்ளைக் கோடுகள், நடு மார்பில் நியூகாசில் பிரவுன் ஏல் பாட்டில் லேபிளும் அதன் நீல நட்சத்திரமும். அந்த பீரைக் காய்ச்சிய ஆலை மைதானத்தை ஒட்டியே இருந்தது. 2005-இல்தான் மூடினார்கள். பக்கத்துச் சுவரில் தயாராகிற பொருளின் பெயரை அணி மார்பில் போட்டு ஆடியதால், விளம்பரம் என்பதே மறந்து அது ஊரின் சின்னமாகிவிட்டது. எனக்கு இங்கிலாந்து கிளப் ஜெர்சிகளிலேயே மிக அழகானது இதுதான்.

அதன் பிறகு வந்த ஸ்பான்சர்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நார்தர்ன் ராக் அந்த ஊர் வங்கி. 2007-இல் டெபாசிட்டை எடுக்க மக்கள் கிளை வாசல்களில் வரிசையில் நின்றார்கள். 2008-இல் அரசே எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் ஜெர்சியில் தொடர்ந்தது. 2013-இலிருந்து வோங்கா, சம்பளத்துக்கு முன் கடும் வட்டிக்குக் கைமாற்று கொடுக்கிற கம்பெனி. வேலையில்லாதவர் அதிகமுள்ள ஒரு பகுதியில் அந்தப் பெயரைப் பிள்ளைகளின் ஹீரோக்கள் சுமப்பதா என்று எம்.பி.க்கள் வரை கேட்டார்கள். ஆட்டக்காரர் பாப்பிஸ் சிசே தன் மத நம்பிக்கையைச் சொல்லி முதலில் அதைப் போட மறுத்தார், பிறகு சமாதானமானார். அதற்கடுத்தது ஒரு சூதாட்ட கம்பெனி. சிறுவர் அளவு ஜெர்சிகளில் சூதாட்ட விளம்பரம் இருக்காது, அதனால் அப்பாவும் மகனும் ஒரே ஜெர்சி போட்டாலும் மகன் மார்பு வெறுமையாக இருந்தது. பிரீமியர் லீக் கிளப்புகள் 2025-26 சீசன் முடிவோடு முன்மார்பில் சூதாட்டப் பெயர்களை நிறுத்துவதாக 2023-இல் ஒப்புக்கொண்டன. எப்போதோ செய்திருக்க வேண்டியது.

என்ன அச்சடிப்பது என்பது கிளப் கையில் இருக்கலாம். என்ன நிறம் என்பது ரசிகர் கையில்தான் இருக்கிறது. இதற்குக் கார்டிஃப் சிட்டியை விடத் தெளிவான உதாரணம் இல்லை. காலங்காலமாக நீலம். 2012-இல் மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் சிவப்புக்கு மாற்றினார். அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியும் ரசிகர்களில் பெரும்பகுதி மனம் மாறவில்லை. பழைய நீல ஜெர்சிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். களத்தில் சிவப்பு, சுற்றிலும் நீலம். 2015 ஜனவரியில் டான் விட்டுக்கொடுத்தார். மான்செஸ்டர் யுனைடெட்டிலும் 2010-இல் இப்படித்தான். உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்துக்கு எதிர்ப்பு காட்ட, கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சையும் தங்க நிறமும் கொண்ட ஸ்கார்ஃபுகள் ஓல்ட் டிராஃபோர்டை நிறைத்தன. அந்த மார்ச்சில் ஏசி மிலானுக்காக ஆட வந்த பெக்காம் மேட்ச் முடிந்து வெளியேறும்போது ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் உலகக் கோப்பையில், 2023-இல், இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸின் ஜெர்சியை நைக்கி விற்பனைக்கே விடவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்த பிறகுதான் இறக்கினார்கள், இறக்கியதும் தீர்ந்துபோனது.

நியூகாசிலில் இந்த விஷயம் இன்னும் சிக்கலானது. 2021 அக்டோபரில் சவுதி முதலீட்டு நிதியம் கிளப்பை வாங்கியதும் சில ரசிகர்கள் அரபு அங்கியும் தலைத்துணியும் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தார்கள். வழக்கமாக அணியாதவர்கள் தயவுசெய்து அதைத் தவிர்க்கவும் என்று கிளப்பே கேட்டுக்கொண்டது. அடுத்த வருடம் வெள்ளையும் பச்சையுமாக ஒரு மாற்று ஜெர்சி, சவுதி அணியின் சாயலிலேயே வந்தது. சிலர் விரும்பி வாங்கினார்கள், சிலருக்கு அது உறுத்தல். தம்பி யாருடைய பேச்சையும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஜெர்சி பழைய கடையில் மலிவாகக் கிடைத்தால், அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து வாங்கட்டும். அந்தச் சவுதி நிதியத்தின் கம்பெனியான ஜெர்சி ஸ்பான்சர் சேலா செய்த ஒரு நல்ல வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் டாட்டன்ஹாம் மேட்ச்சில், காது கேளாத ரசிகர்களுக்கு மைதானத்தின் சத்தத்தை உடம்பில் அதிர்வாக உணர்த்துகிற ஜெர்சி கொடுத்தார்கள். அன்றைக்கு நியூகாசில் நான்கு கோல். நான்கு முறை அந்த ஆரவாரத்தை அவர்கள் தோலில் உணர்ந்திருப்பார்கள்.

சரி, விலை. முன்பு ஒரு ஜெர்சி இரண்டு சீசன் ஓடும். இப்போது வருடத்துக்கு மூன்று: உள்ளூர், வெளியூர், மூன்றாவது. எல்லாவற்றையும் வாங்குவது பற்றின் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. கம்பெனிகளும் எப்போதும் நேர்மையாக நடந்ததில்லை. 2000, 2001-இல் இங்கிலாந்து, மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சிகளின் விலையைக் கூடிப் பேசி ஏற்றி வைத்ததற்காக 2003-இல் அம்ப்ரோ, ஜேஜேபி ஸ்போர்ட்ஸ், மான்செஸ்டர் யுனைடெட் உள்ளிட்ட பத்து நிறுவனங்களுக்கு மொத்தம் 1.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள். அப்புறம் ஒன்று: கடையில் ஒரே ஜெர்சி இரண்டு தரத்தில் தொங்கும். ஆட்டக்காரர்கள் போடுவது என்று சொல்லி விற்கப்படுவது இன்னும் விலை கூடுதல், உடம்போடு ஒட்டிப் பிடிக்கும். கேலரியில் உட்காருகிறவனுக்கு அது தேவையில்லை. சாதாரண ரசிகர் ஜெர்சி தளர்வாக இருக்கும், அதிலும் ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொல்லுங்கள். காரணம் குளிர். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே ஜெர்சியைத் தனியாகப் போட முடியாது. உள்ளே ஸ்வெட்டரோ ஹூடியோ போட்டு அதன் மேல் ஜெர்சியை மாட்டுவார்கள், அல்லது ஜெர்சி மேல் கனமான ஜாக்கெட் போட்டு கழுத்தை மட்டும் திறந்து வைப்பார்கள். கோல் விழுந்ததும் ஜிப் திறக்கும். ஜனவரியில் சட்டையே இல்லாமல் நிற்கிற உள்ளூர் ஆட்களைத் தம்பி டிவியில் பார்த்திருப்பான். முதல் வருடமே அதை முயல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எதைப் போடக்கூடாது என்பதற்கு வருகிறேன். முதலாவது, சிவப்பு வெள்ளைக் கோடு. பன்னிரண்டு மைல் தூரத்தில் இருக்கிற சண்டர்லேண்டின் நிறம் அது. அந்த நிறத்தில் வெறும் டி-ஷர்ட் என்றாலும் மேட்ச் நாளில் வேண்டாம். அதற்காக இரண்டு ஊருக்கும் நடுவே வெறுப்பு மட்டும்தான் என்று நினைக்கக்கூடாது. 2009 ஜூலையில் நியூகாசிலின் முன்னாள் மேனேஜர் பாபி ராப்சன் இறந்தபோது செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ரசிகர்கள் கொண்டுவந்து வைத்த நூற்றுக்கணக்கான ஜெர்சிகள், ஸ்கார்ஃபுகள் நடுவே சண்டர்லேண்ட் ஜெர்சிகளும் இருந்தன. வேறு எந்த நாளிலும் நியூகாசில் ரசிகர்கள் அவற்றைத் தங்கள் நடுவே விட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எதிரணி ஜெர்சி. தம்பி மனதுக்குள் லிவர்பூல் ரசிகனோ ஆர்சனல் ரசிகனோ ஆக இருக்கலாம். நியூகாசில் ரசிகர் பகுதியில் டிக்கெட் வாங்கிவிட்டு அந்த ஜெர்சியோடு போனால் வாசலில் ஸ்டீவர்ட் திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே போய்க் காட்டினால் வெளியே கொண்டுபோய் விடுவார்கள். ஜாக்கெட்டுக்குள் மறைத்துப் போட்டு, கோல் விழுந்ததும் குதிப்பது எல்லாவற்றையும் விட மோசம். இந்த மேட்ச்சுக்குச் சம்பந்தமில்லாத பார்சிலோனா, ரியல் மாட்ரிட் ஜெர்சிகளுக்குத் தடை இல்லை, ஆனால் சுற்றுலா வந்தவன் என்று முத்திரை விழும். இரண்டு அணிப் பெயரும் பாதிப் பாதியாகப் போட்ட ஸ்கார்ஃப் மைதான வாசலில் விற்பார்கள். நினைவுப் பொருளாக வாங்கலாம், கழுத்தில் போடக்கூடாது. பழைய ரசிகர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஜெர்சி, டவுசர், நீளச் சாக்ஸ் என்று முழு உடுப்பில் போவது பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்.

மூன்றாவது, இறந்தவர்களைக் கேலி செய்யும் எதுவும். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு ஒருவர் ஹில்ஸ்பரோவில் இறந்த 97 பேரைக் குத்திக்காட்டும் வாசகத்தை முதுகில் அச்சிட்டுக்கொண்டு வெம்ப்லிக்கு வந்தார். கைதானார், அபராதம், நான்கு வருடம் மைதானங்களுக்குள் நுழையத் தடை. பெயருக்குப் பதில் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று நினைக்கிற பையன்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூர் போகும்போது கவனம் வேண்டும். பல பப் வாசல்களில் கால்பந்து நிறங்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும்; இரவு விடுதிகளிலும் அப்படியே. வார இறுதியில் ரயில் ஏறி கிளாஸ்கோ போனால் எந்த ஜெர்சியுமே வேண்டாம். அந்த ஊரின் இரண்டு பெரிய கிளப்புகளான செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் நடுவே மதமும் அரசியலும் கலந்த பகை. ஒரு கிளப்பின் மார்பில் மட்டும் பெயர் இருந்தால் பாதி ஊர் தங்கள் பொருளை வாங்காது என்று ஸ்பான்சர்கள் வருடக்கணக்கில் இரண்டு கிளப்புக்கும் சேர்த்தே பணம் கொடுத்தார்கள். என்டிஎல், கார்லிங், டென்னன்ட்ஸ் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இனி பெயர். இப்போது ஆடுகிறவர்களில் பிடித்தவர் பெயரைப் போட ஆசையாக இருக்கும். ஆட்டக்காரர்கள் போய்விடுகிறார்கள், ஜெர்சி நம்மிடம் இருந்துவிடுகிறது. 1995 ஜனவரியில், கோல் மழை பொழிந்துகொண்டிருந்த ஆண்டி கோல் (Cole) என்ற ஆட்டக்காரரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றபோது கீகன் மைதானப் படிகளில் நின்று கோபத்தோடு வந்த ரசிகர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதுகில் 'கோல் 9' என்று அச்சிட்டு வைத்திருந்த பையன்களுக்கு அவர் சொன்ன பதில் எதுவும் போதுமானதாக இருந்திருக்காது. நியூகாசிலில் 9-ஆம் எண் சாமானியமானது இல்லை. ஹியூகி கலகர், ஜாக்கி மில்பர்ன், மால்கம் மெக்டொனால்ட் என்று வழிவழியாக வந்தது. 1996-இல் 1.5 கோடி பவுண்டு என்ற அன்றைய உலக சாதனை விலைக்கு ஆலன் ஷியரர் வந்தபோது, லெஸ் ஃபெர்டினாண்ட் தன் 9-ஐ அவருக்குக் கொடுத்துவிட்டு 10-ஐ எடுத்துக்கொண்டார். ஷியரர் அந்த ஊர்ப் பையன், அந்தக் கிளப்பிலேயே ஆடி ஓய்வு பெற்றவர். அவர் பெயரைப் போட்டால் எந்தக் காலத்திலும் கிழிக்க வேண்டி வராது. தம்பி தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. ஆனால் 9 வேண்டாம்.

என் யோசனை இதுதான். முதல் மாதம் ஜெர்சியே வாங்க வேண்டாம். கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப் ஒன்று வாங்கி, அடர்நிற ஜாக்கெட்டோடு முதல் மேட்ச் போகட்டும். யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். பிறகு பழைய ஜெர்சிகளைத் தேடட்டும். அறக்கட்டளைக் கடைகளில் சில சமயம் நல்லது மாட்டும், பழைய ஜெர்சிகளுக்கென்றே மான்செஸ்டரில் 2006-இல் தொடங்கிய கிளாசிக் ஃபுட்பால் ஷர்ட்ஸ் மாதிரிக் கடைகளும் உண்டு. பிரவுன் ஏல் ஜெர்சிக்கு நல்ல கிராக்கி என்பதால் அது மலிவாகக் கிடைக்காது. போலிகளும் உலவுகின்றன, எனவே உள்பக்க லேபிளையும் தையலையும் பார்த்து வாங்க வேண்டும். சீசன் முடிகிற மே, ஜூன் மாதங்களில் அந்த வருடத்துப் புது ஜெர்சியே கிளப் கடையில் தள்ளுபடிக்கு வரும். எப்படி வாங்கினாலும், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, 30 டிகிரியில் துவைத்து, நிழலில் காயப்போட வேண்டும். எழுத்தின் மேல் அயர்ன் பாக்ஸ் பட்டால் முதல் தடவையிலேயே போய்விடும்.